பிலிம் பழகிய கையும் புதிய கேமராவும்

லாபிசிலிருந்து யோங் பெங்கை நோக்கிப் போகும் பெரிய சாலையில் சாஆ என்னும் சிறு பட்டணம் இருக்கிறது. சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதைச் சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம். இப்போது பெரும்பாலும் செம்பனை. இத்தகைய வட்டாரங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு படக்காரர் இருப்பார். படம் பிடிப்பதுதான் அவருடைய பிழைப்பு என்பதில்லை. கிராணியாக இருப்பார், பள்ளி ஆசிரியராக இருப்பார், சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் யாஷிக்கா கேமரா வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளியாகவும் இருப்பார். கல்யாணம், காதணி விழா, தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எதற்கும் அவரைத்தான் அழைப்பார்கள். அந்தத் தலைமுறைக்கு இன்று அறுபது, எழுபது வயது ஆகிறது. கேமரா அலமாரிக்குள் போய்விட்டது. சிற்றூர்களில் பிலிம் விற்பவரும் கழுவிக் கொடுப்பவரும் அருகிவிட்டார்கள். பிள்ளைகள் ஆசையோடு ஒரு டிஜிட்டல் கேமராவையோ நல்ல கைத்தொலைபேசியையோ வாங்கிக் கொடுத்தால், "இது நமக்குச் சரிப்படாது" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

சரிப்படும் என்பது நம்முடைய எண்ணம். எப்படிச் சரிப்படும், எதை விட வேண்டும், எதை விடவே கூடாது என்பதைத்தான் இந்தப் பேச்சில் காண்போம். படக்காரர்கள் மட்டும் கேட்டால் போதாது, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்க வேண்டிய செய்தி இது.

தோட்டத்து மக்களாகிய நமக்குப் படம் என்பது வெறும் அலங்காரப் பொருள் அன்று. 1948ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்கீழ், மலாயாவில் பன்னிரண்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அன்றைய தோட்டத் தொழிலாளர் பலருக்கு வாழ்நாளின் முதல் படமே அதுதான். அதற்கு முன் அவர்கள் முகம் எந்தத் தாளிலும் பதிந்ததில்லை. பிறகு மெல்ல மெல்லக் கல்யாணப் படம், குழந்தையை மடியில் வைத்த படம், லயத்து வாசலில் நின்ற படம் என்று பெருகின. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் லயங்களே இல்லை, கோயிலும் பள்ளியும் இடம் மாறின. நம் பெற்றோர் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்குப் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் பத்து இருபது படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லாத குடும்பங்கள் எத்தனையோ. 2001இல் மைகாட் வந்தபோது அதே முகம் ஒரு சிறு சில்லுக்குள் எண்களாகப் போய் உட்கார்ந்தது. தாளிலிருந்து எண்ணுக்கு என்ற இந்த மாற்றத்தை நம் சட்டைப்பையிலேயே நாம் சுமந்து திரிகிறோம்.

முகம் எப்படி எண்ணாகும்? அதைப் புரிந்துகொண்டால் புதிய கேமராவின் குணம் பாதி விளங்கிவிடும்.

பிலிம் சுருளில் வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் பட்ட துகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நிகழ்கிறது. டெவலப்பர் மருந்தில் போட்டால் அந்தத் துகள் கறுத்த வெள்ளியாகிறது. ஹைப்போவில் போட்டால் வெளிச்சம் படாத உப்பு கரைந்து போகிறது. மிஞ்சுவது நெகட்டிவ். இருட்டறையில் நின்று, தட்டில் மிதக்கும் வெள்ளைத்தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வருவதைச் சிவப்பு விளக்கொளியில் பார்த்தவர்களுக்கு அந்த இன்பத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

டிஜிட்டல் கேமராவில் பிலிம் இருந்த இடத்தில் விரல் நகம் போன்றோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு சிலிக்கன் தகடு இருக்கிறது. அதன்மேல் கோடிக்கணக்கான மிகச்சிறு கிண்ணங்கள் வரிசை வரிசையாக இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த பால்மரத்து மங்குதான். நிரை நிரையாக மரங்களில் மங்கு கட்டியிருப்பதுபோல் இவை கட்டப்பட்டிருக்கின்றன. கேமராவின் கதவு திறந்திருக்கும் அந்தக் கணத்தில் ஒவ்வொரு மங்கிலும் வெளிச்சம் வடிகிறது. பிறகு ஒவ்வொரு மங்கிலும் எவ்வளவு சேர்ந்தது என்று கேமரா அளந்து, ஸ்டோரில் பால் நிறுத்து எழுதுவதுபோல், எண்ணாக எழுதி வைக்கிறது. ஒன்றுமே சேராத மங்குக்கு 0; நிறைந்த மங்குக்கு, சாதாரணக் கணக்கில், 255. அந்த எண் பட்டியல்தான் படம். இலக்கத்தால் ஆனதால் இலக்கமுறை என்கிறோம்.

இந்த உவமையில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. மங்கு நிறைந்து வழிந்தால் தரையில் சிந்திய பாலை அள்ள முடியுமா? முடியாது. டிஜிட்டல் படத்திலும் அப்படியே. வெளிச்சம் அளவுக்கு மீறிய இடத்தில் எல்லா மங்குகளும் 255 என்றே காட்டும். அங்கே வெறும் வெள்ளைதான் இருக்கும். எந்த வித்தை செய்தாலும் விவரம் வராது. நெகட்டிவ் பிலிம் அப்படியன்று. வெளிச்சம் கூடினால் அது இன்னும் கொஞ்சம் கறுக்கும், இன்னும் கொஞ்சம் கறுக்கும், எளிதில் முடிந்துபோகாது. அதனால்தான் பழைய படக்காரர்கள் "சந்தேகம் வந்தால் ஒரு படி கூட்டிக்கொள்" என்று கற்றுக்கொடுத்தார்கள். டிஜிட்டலில் அந்தப் பாடத்தைத் தலைகீழாக்க வேண்டும்: சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். சிலைடு பிலிம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. நெகட்டிவ் மட்டுமே எடுத்தவர்கள்தான் முதல் மாதம் தடுமாறுவார்கள்.

நம் சடங்குகளில் இந்தத் தடுமாற்றம் எங்கே வரும் என்று பாருங்கள். உச்சி வெயில், மாப்பிள்ளை வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்திருக்கிறார், நிறமோ மாநிறம் அல்லது கறுப்பு, பெண்ணின் தலை நிறைய மல்லிகை. இதைவிடக் கடினமான சோதனையை எந்தக் கேமராவுக்கும் வைக்க முடியாது. கேமராவின் ஒளிமானி எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். சட்டத்தில் வெள்ளை அதிகமிருந்தால் எல்லாவற்றையும் மங்கலாக்கி முகத்தை இருட்டாக்கும். பின்னால் இருண்ட செம்பனை மரங்கள் அதிகமிருந்தால் வேட்டியை வெளுத்துப்போகச் செய்யும். கேமராவில் கூட்டல், கழித்தல் குறிகள் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை முதல் நாளே தேடிக் கண்டுபிடியுங்கள். ஒரு படம் எடுத்துத் திரையில் பாருங்கள். வழிந்துபோன இடங்கள் கண்சிமிட்டுமாறு அமைத்துக்கொள்ள வசதியுள்ள கேமராக்கள் பல. வேட்டி சிமிட்டினால் கழித்தல் பக்கம் திருப்புங்கள். அதனால் முகம் இருண்டால் பளிச்சு விளக்கைப் பகலிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் அவர்களை மரநிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள். நிழலுக்கு அழைக்கும் பழைய வழக்கம்தான் இன்றும் மிகச் சிறந்தது.

நிறத்தைப் பற்றிப் பேசுகையில் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. வண்ணப்பட அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அந்தப் பெண் யாராக இருந்தாலும் 'ஷர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவள் தோல் நன்றாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். நம்மைப் போன்றோரின் முகங்கள் பழைய வண்ணப் படங்களில் சேறு பூசியதுபோல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பல நிறத்தாரும் சேர்ந்த அட்டைகள் பிற்காலத்தில்தான் வந்தன. இப்போதைய கைத்தொலைபேசிகளில் வேறொரு தொல்லை. அழகூட்டுவதாகச் சொல்லி அவை முகத்தை வழித்து, சுருக்கத்தைத் துடைத்து, நிறத்தை வெளுக்கின்றன. எழுபது வயதுப் பாட்டியின் முகத்தில் சுருக்கம் இல்லாவிட்டால் அது யார் முகம்? அந்த அமைப்பை அணைத்துவிட்டு எடுங்கள். பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் அணைத்துக் கொடுப்பார்கள்.

இந்தப் புதுமை திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. ஒளியை மின்சாரமாகச் சேர்த்து வைக்கும் தகட்டை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் வகுத்தனர். அதற்காக 2009இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு டிஜிட்டல் கேமராவைக் கட்டிக் காட்டினார். எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. மொத்தம் பத்தாயிரம் மங்குகள்தான். ஒரு படத்தை ஒலிநாடாவில் எழுத 23 விநாடி பிடித்தது. பிலிம் விற்று வாழ்ந்த நிறுவனம் அதைப் பெரிதாக வளர்க்கவில்லை. 2012 ஜனவரியில் அதே கோடாக் கடன் நெருக்கடியால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. உதகமண்டலத்தில் இந்திய அரசு 1960இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. நீலகிரியில் பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. 1990களிலேயே நலிந்து, பிறகு மூடப்பட்டது. தோட்டம் மூடினால் லயத்தில் என்ன நடக்கும் என்பதை அறிந்த நமக்கு அந்த ஆலைக் குடியிருப்பின் நிலையை ஊகிப்பது கடினமன்று. திரைப்படத்தையும் சொல்லலாம்: கமல்ஹாசன் நடித்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' 2005இலேயே டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான்.

வயதான பிறகு மாறியவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். இந்தியாவின் புகழ்பெற்ற படக்காரர் ரகு ராய் 1942இல் பிறந்தவர். 1984 போபால் விஷவாயு விபத்தை உலகுக்குக் காட்டிய படங்கள் அவருடையவை. 2003இல், அறுபது வயதில், அவர் டிஜிட்டலுக்கு மாறினார். பிறகு பிலிமுக்குத் திரும்பவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரேசில் நாட்டுச் செபஸ்தியோ சல்காடோ. 1944இல் மாட்டுப் பண்ணைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பொருளியல் படித்து, அனைத்துலகக் காப்பி அமைப்பில் வேலை பார்த்தார். அந்த வேலையாக ஆப்பிரிக்கத் தோட்டங்களைச் சுற்றியபோதுதான் கேமரா அவரைப் பிடித்துக்கொண்டது. உடலுழைப்பாளிகளைப் பற்றி 1993இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் கரும்பு வெட்டுபவரும் தேயிலை பறிப்பவரும் இருக்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர் யாரும் அந்தப் படங்களுக்கு விளக்கம் கேட்கமாட்டார். அவர் 2008இல், அறுபத்து நான்கு வயதில் டிஜிட்டலுக்கு மாறினார். காரணம் மிகச் சாதாரணமானது: விமான நிலையங்களின் எக்ஸ்ரே சோதனையில் பிலிம் கெட்டது; பெட்டி பெட்டியாகச் சுமக்கவும் வேண்டியிருந்தது.

மாறிய பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். எடுத்த படங்களைக் கணினித் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே பழைய காலத்து காண்டாக்ட் தாள்போல் எல்லாப் படங்களையும் சிறு சிறு கட்டங்களாகத் தாளில் அச்சிடச் செய்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தே பொறுக்கினார். பொறுக்கியவற்றை மறுபடியும் நெகட்டிவாக ஆக்கி, கறுப்பு-வெள்ளைத் தாளில் அச்சிட்டார்கள். கேமராவை மாற்றினார், கண்ணையும் கையையும் மாற்றவில்லை. 2025 மே மாதத்தில் அவர் காலமானார். எது பழகிவிட்டதோ அதை வைத்துக்கொண்டே புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இவரைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இனி நம் வீட்டுக் கேமராவுக்கு வருவோம். வயதான கண்ணுக்குத் திரை எழுத்து சிறிதாக இருக்கும். வெயிலில் திரையே தெரியாது. கண்வைத்துப் பார்க்கும் துவாரம் உள்ள கேமரா கிடைத்தால் அதையே எடுங்கள். துவாரத்தின் பக்கத்தில் மிகச்சிறு திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பி, மூக்குக்கண்ணாடி இல்லாமலே உள்ளே தெளிவாகத் தெரியும்படி செய்துகொள்ளலாம். இது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. கை நடுங்குகிறவர்களுக்குப் புதிய கேமரா ஒரு வரம். லென்சிலோ தகட்டிலோ நடுக்கத்தை எதிர்த்து அசையும் ஏற்பாடு இருக்கிறது. பிலிமின் வேகம் 100 என்றால் அந்தச் சுருள் முழுவதும் 100தான். இங்கே ஒரு படத்தை 100இலும் அடுத்ததை 1600இலும் எடுக்கலாம். கோயிலுக்குள் விளக்கொளியில் பளிச்சு இல்லாமல் படம் கிடைப்பது இதனால்தான். அந்த அளவை மிக அதிகமாக ஏற்றினால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தெரியும். பழைய வேகப் பிலிமின் மணலைவிட அது கொஞ்சம் அசிங்கமாகவே இருக்கும்.

பழைய லென்சுகளை எறிந்துவிடாதீர்கள். இடையே ஒரு வளையம் போட்டால் அவற்றில் பலவும் புதிய கேமராக்களில் பொருந்தும்; குவியத்தையும் துளையையும் கையால் திருக வேண்டும், அவ்வளவுதான். 35 மில்லிமீட்டர் பிலிமின் சட்டம் 24க்கு 36 மில்லிமீட்டர். விலை குறைந்த டிஜிட்டல் கேமராவின் தகடு அதைவிடச் சிறியது. ஆகவே பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் ஏறக்குறைய 75 போல் நடந்துகொள்ளும். முகம் எடுக்க நல்லது. குறுகிய அறையில் குடும்பம் முழுவதையும் அடக்கத்தான் சுவர் இடிக்கும். பழைய கேமராவுக்குள் மின்கலம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அது கசிந்து உள்ளே அரித்துவிடும். நம் நாட்டு ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சையும் படரும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா மணிப் பொட்டலம் போட்டு வைப்பது செலவில்லாத வைத்தியம்.

கேமராவில் படத்தைச் சேமிக்க இரண்டு முறைகள் காட்டும். ஒன்று ஜேபெக், மற்றொன்று ரா. ரா என்பது பச்சைப் பால். ஜேபெக் என்பது கேமராவே உறையவைத்து, தாளாக அடித்து, புகை போட்டுக் கொடுத்த ரப்பர். புகை போட்ட தாளை மறுபடி பாலாக்க முடியாது. கணினியில் உட்கார்ந்து படத்தைச் சீர்செய்ய ஆசையும் நேரமும் உள்ளவர்கள் ராவில் எடுக்கட்டும். இருட்டறை வேலையை விரும்பிச் செய்தவர்களுக்கு அதில் சுவை பிறக்கும். மற்றவர்களுக்கு ஜேபெக் தாராளமாகப் போதும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பிலிமில் முப்பத்தாறு படம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு. அதனால் எண்ணி எடுத்தோம். எடுத்ததைக் கழுவியே ஆக வேண்டும். கழுவியதும் நெகட்டிவ் கையில் வந்துவிடும். பிறகு அதை நாம் மறந்துபோனாலும் அது பெட்டிக்குள் இருக்கும். முப்பது வருடம் கழித்துப் பேரன் பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பாட்டி தெரிவாள். டிஜிட்டல் படத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அட்டை பழுதாகும், வன்தட்டு ஒரு நாள் சுழலாமல் நின்றுவிடும், கைத்தொலைபேசி ஆற்றில் விழும், கடவுச்சொல் தெரிந்தவர் காலமாகிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது. பிலிம் தன்னைத் தானே காத்துக்கொண்டது. டிஜிட்டல் படத்தை ஒருவர் முன்னின்று காக்க வேண்டும். ஆயிரம் படம் எடுத்து ஒன்றும் மிஞ்சாத கல்யாணங்களை நாம் இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

இந்த வேலையை மூத்த படக்காரரிடம் ஒப்படைப்பதுதான் பொருத்தம். நெகட்டிவை உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்த பழக்கம் அவருக்குத்தான் இருக்கிறது. கல்யாணத்தில் எண்ணூறு படம் எடுத்தாலும் எடுக்கட்டும். வீட்டுக்கு வந்து அதிலிருந்து முப்பத்தாறைப் பொறுக்கட்டும், பழைய சுருளின் அதே கணக்கு. அந்த முப்பத்தாறையும் நல்ல கடையில் தாளில் போட்டு வாங்கிவிடுங்கள். எல்லாப் படங்களுக்கும் மூன்று பிரதி வேண்டும்: கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டில் ஒன்று. குறைந்தது இரண்டு இடத்தில் பிரதி ஏறும் வரை கேமரா அட்டையை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதியாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாதாரணமாக அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. கைத்தொலைபேசியில் பளிச்சென்று தெரியும், பெரிதாக அச்சிட்டால் மங்கும்.

வேறு ஊர் என்று ஏன் சொன்னோம் என்பது சாஆ மக்களுக்குத் தெரியும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. 2023 மார்ச்சில் மறுபடியும் வந்தபோது சிகாமட் மாவட்டம் தப்பவில்லை. சாஆ வட்டாரத்து வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. தண்ணீருக்கு ஆல்பமும் ஒன்றுதான், கணினியும் ஒன்றுதான். நனைந்துபோன பழைய படங்களை ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடக் கூடாது. காய்ந்தால் பிரிக்கவே வராது. குளிர்ந்த நல்ல தண்ணீரில் போட்டு, சேற்றை அலசி, மெதுவாகப் பிரித்து, படம் மேற்பக்கமாக நிழலில் பரப்புங்கள். முகத்தைத் துணியால் துடைக்காதீர்கள். ஈரத்தில் அது கையோடு வந்துவிடும். பிரிக்க நேரமில்லாவிட்டால் இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வையுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம். ஸ்டூடியோவில் மருந்தில் கழுவி எடுத்த படங்கள்தான் இந்தச் சிகிச்சையைத் தாங்கும். வீட்டு மைப்பொறியில் அச்சிட்ட படங்கள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

புதிய கேமரா வந்ததும் அதற்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலை பழைய நெகட்டிவுகளைப் படியெடுப்பதுதான். கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளி. ஒழுங்காகக் கழுவியிருந்தால் நெடுங்காலம் நிற்கும். ஆனால் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும். உறையைத் திறந்ததும் புளிக்காடி வாடை அடித்தால் அந்த நெகட்டிவ் சாகத் தொடங்கிவிட்டது என்று அறியுங்கள். அதைத் தனியே பிரித்து வைத்து முதலில் படியெடுங்கள். வண்ணப் படங்களில் சாயம் மங்கும். 1970களின் படங்கள் பல இப்போது சிவந்து கிடப்பது அதனால்தான். ஒட்டுப்பசைப் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் இருப்பவற்றை வலிந்து பிய்க்காமல், பக்கத்தோடு அப்படியே படம் எடுத்துக்கொள்ளலாம்.

படியெடுக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சீரான வெள்ளை வெளிச்சம் தரும் பலகை, அல்லது வெறும் வெள்ளைத் திரை காட்டும் ஒரு டேப்லெட், அதற்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் நெகட்டிவ், சுற்றிலும் கறுப்பு அட்டை, நேர் மேலே முக்காலியில் கேமரா. அறை இருட்டாக இருக்க வேண்டும். நெகட்டிவின் விளிம்பை மட்டுமே தொடுங்கள். தூசியை ஊதுகுழலால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கிடைத்த படத்தைக் கணினியில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினால் இருட்டறைத் தட்டில் எழுந்த அதே முகம் மறுபடியும் எழும். கேமரா வேலையைத் தாத்தா பார்க்கட்டும்; கணினி வேலையைப் பேத்தி பார்க்கட்டும். இருவரும் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மூன்று சுருள்களை முடித்துவிடலாம். படியெடுத்த பிறகு நெகட்டிவை எறியக் கூடாது. பிரதி போனாலும் மூலம் இருக்கட்டும்.

இது வீட்டளவில் மட்டும் நடக்கும் வேலை அன்று. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் கேட்பாரற்றுக் கிடந்த கண்ணாடி நெகட்டிவுகளையும் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 2010களில் படியெடுத்து வைத்தார்கள். அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தாம். இத்தகைய பழம்படங்களில் முகம் தெரியும், உடை தெரியும், நாற்காலியின் செதுக்கல்கூடத் தெரியும். பெயரைத்தான் பலவற்றில் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதுங்கள். தாளில் உள்ள படமென்றால் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும். கணினியில் என்றால் கேமரா தரும் எண்ணை அப்படியே விடாமல், ஆண்டு, தோட்டம், நிகழ்ச்சி என்று உறைக்குப் பெயரிடுங்கள். நெகட்டிவ் வைத்திருக்கும் காகித உறையின் மேலும் அதே பெயர் இருக்கட்டும். நிற்பவர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பெண்களை இன்னாருடைய மனைவி என்று எழுதி நிறுத்திவிடாமல் அவரவர் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். தோட்டத்தில் பாதிப்பேரைப் பட்டப்பெயரால்தான் எல்லாருக்கும் தெரியும். அதையும் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். எந்த லயம், எத்தனையாவது வீடு என்பது நினைவிருந்தால் அதுவும். படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினால் பார்வை மங்கிய பாட்டிகூட ஒவ்வொருவராக அடையாளம் சொல்வார். சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும்.